வாம்பேட் மேல் போட்ட பழி

அன்பு மகள் ப்ரான்வினுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர வீட்டில் எல்லோரும் சௌக்கியம், பெர்கனில் நீயும் முழங்கால் உட்படச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே வடகோடியில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமாமே, இங்கே தென்கோடியில் குளிர்காலம் தொடங்கி, மே மாதம் முடிவதற்குள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக் குழாய்களுக்குத் துணி சுற்றியாயிற்று, கூரையோரம் அடைந்திருந்த இலைகளை வாரியாயிற்று, பெரிய கூடத்துக் கணப்புக்கு விறகும் பிளந்து அடுக்கிவிட்டேன். நான் ஏணியில் ஏறினால் இரண்டு ஆசிரியைகள் ஓடி வந்து பிடித்துக்கொள்கிறார்கள். மரியாதை என்று நான் நினைத்தேன், பயம் என்கிறாள் அம்மா.

ஒரு விஷயத்தை உனக்கு ஒரு வருஷமாக எழுதாமல் இருந்தேன். போன குளிர்காலத்துக்கு முன்னால் வகுப்பறைக்குப் பின்புறம் சேறாகாமல் இருக்க ஜல்லிப் பாதை போட்டு உனக்குப் பெருமையாகப் போட்டோ அனுப்பினேனே, அந்த இடத்தில்தான் ஆன்ட்டி நோலீன் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு முர்னாங் கிழங்கு நட்டிருந்தார். ஊரே மரியாதையாக ஆன்ட்டி என்று கூப்பிடுகிற, உனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த அதே நோலீன்தான், இன்னும் ஒன்றாம் வகுப்பில் உதவியாளராக இருக்கிறார். அவருடைய பூர்வகுடி ஆட்கள் காலங்காலமாகச் சாப்பிட்ட கிழங்கு அது, நம் முன்னோர் கொண்டுவந்த ஆடுகள் மேய்ந்து தீர்த்தது போக மிஞ்சியது, அவர் தன் அம்மாவோடு ரயில் பாதை ஓரம் நடந்து நடந்து பொறுக்கிய விதை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணுக்கு அது களை. முப்பது வருஷம் தோட்ட வேலை பார்த்தவனின் கண் அப்படி. மெஷினை வைத்துக் கிளறி எறிந்துவிட்டு ஜல்லியைக் கொட்டினேன். திங்கட்கிழமை பிள்ளைகள் அழுதார்கள். யார் தோண்டினது ரஸ் என்று ஆன்ட்டி கேட்டார். நான், ஆறடி ஆள், வளை தோண்டும் முழங்கால் உயரப் பிராணி ஒன்றின் மேல் பழியைப் போட்டு, வாம்பேட் போலிருக்கு ஆன்ட்டி, நான் வரும்போதே தோண்டிப் போட்டிருந்துச்சு, அதான் மூடிட்டேன் என்றேன். ஜல்லியின் நேரான ஓரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவர் எதுவும் நடவில்லை.

இந்த வாரம், பூர்வகுடி மக்களுக்கு நடந்ததை ஊரே நினைத்துப் பார்க்கும் நல்லிணக்க வாரம். குளிரில் பெற்றோர்களை இரண்டு தடவை வரவழைக்க வேண்டாமென்று தலைமையாசிரியை டெம்ப்சி அந்தக் கூட்டத்தையும் ஊழியர்களுக்கு நன்றி சொல்லும் விழாவையும் ஒரே நாளில் வைத்துவிட்டார். பிள்ளைகள் பாடினார்கள், ஆன்ட்டி தன் மக்களைப் பற்றிப் பேசினார், அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த மண்ணை ரஸ் மாதிரி யாரும் பார்த்துக்கிட்டதில்ல என்று சொல்லி ஒரு கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டார்கள். கைதட்டல். முன்வரிசையில் ஆன்ட்டி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டு போன நன்றியுரையைப் படிக்கக் கண்ணாடி இல்லை, இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். அது வாம்பேட் இல்ல, நான்தான் என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. தெரியும் ரஸ், எந்த வாம்பேட் கயிறு பிடிச்ச மாதிரி நேரா தோண்டும் என்றார் ஆன்ட்டி. கூடமே சிரித்தது, தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் சிரிக்கவில்லை. தெரியாம பிடுங்கினதை நான் பொறுத்துக்குவேன் ரஸ், ஒரு வருஷமா தினமும் என் முகத்தைப் பார்த்து குட் மார்னிங் சொல்லிட்டுப் போனியே, அதைத்தான் பொறுக்க முடியல என்றார். கையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வா, ஜல்லியை அள்ளு, மெஷின் கொண்டு வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐம்பத்திரண்டு தள்ளுவண்டி ஜல்லி, மகளே. போட்டபோது இவ்வளவு இருந்ததாக ஞாபகமில்லை. ஆன்ட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு கிழங்குகூட உயிரோடு இல்லை. அவர் எழுந்து போய்க் காரிலிருந்து இரண்டு தட்டு நாற்று கொண்டுவந்தார், பாதி விதையை வீட்டிலேயே வைத்திருந்தாராம். உன்னை நம்பி எல்லாத்தையுமா போடுவேன் என்றார். பிள்ளைகள் நட்டார்கள், எனக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. மிஸ்டர் ரஸ் இதைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் பெயின்டில் எழுதிக் கொண்டுவந்திருந்த பலகையையும் நானே அடித்து நட்டேன். கிளம்பும்போது ஆன்ட்டி ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, சேர்ந்து குடித்தோம்.

உன் அப்பா புத்தி சொல்லும் தகுதியில் இப்போது இல்லை, ஆனாலும் குடையை மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விஷயம், அம்மாவின் நீலக் கோப்பையை உடைத்தது பூனை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே சொல்லிவிடுகிறேன், அதற்கு முன் போன் செய்தால் பூனையைப் பற்றிப் பேச்செடுக்காதே.

பாசத்துடன்,
இடுப்பு பிடித்துக்கொண்ட உன் அப்பா,
ரஸ்ஸல்