பூசை நாளில் நடுங்காத சுவர்

அனுப்புபவர்:
மு. வீரய்யா,
தேயிலை ஸ்டோர்த் தொழிலாளி,
பணிய லயம், செங்கல்மலைத் தோட்டம்,
மடுல்சீமை.

பெறுபவர்:
மாட்சிமை தங்கிய அரசாங்க ஏஜெண்டு துரை அவர்கள்,
ஊவா மாகாணக் கச்சேரி,
பதுளை.

பொருள்: ஸ்டோர் எஞ்சின் அதிர்வால் லயத்துச் சுவர் விழும் நிலையில் இருப்பதும், அதைச் சோதிக்க வந்தவர் எஞ்சின் ஓடாத நாளில் வந்து போனதும் பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. கொழுந்து அரைக்கும் எங்கள் ஸ்டோரில் முன்பு தண்ணீர்ச் சக்கரம் ஓடியது. சென்ற மாசியில் அதை நிறுத்தி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் பின்சுவரை ஒட்டி எண்ணெய் எஞ்சின் வைத்தார்கள். அது ஓடத் தொடங்கிய நாள்முதல் எங்கள் காம்பராச் சுவர் நடுங்குகிறது. அடுக்கிய பானைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கூரையிலிருந்து தரைவரை சுவர் வெடித்து, இப்போது அந்த வெடிப்பில் என் கை நுழையும். என் மகள் ஜெயலெட்சுமி ஆவணியில் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். இருப்பது ஒரே காம்பரா, அடுப்பும் படுக்கையும் அதிலேதான். அந்தச் சுவரோரம்தான் படுக்கிறாள்.

2. கங்காணி மூலம் தோட்டத்துப் பெரிய துரையிடம் சொன்னோம். அவரைக் குறை சொல்லமாட்டேன். இயந்திர சாஸ்திரத்தை ஆராய்கிறவர்களைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். அந்தச் சாஸ்திரத்துக்குள் இத்தனை பிரிவு உண்டென்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். முதலில் வந்தவருடைய ஆராய்ச்சி சூடு பற்றியது. தேயிலை காயவைக்கும் அடுப்பை நாள் முழுவதும் பார்த்தார். சுவரைக் காட்டினேன், அது தம் பிரிவு அல்ல என்று கணக்கப்பிள்ளை மூலம் சொல்லிவிட்டார். இரண்டாமவருடையது தண்ணீர். நின்றுபோன பழைய சக்கரத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார். வெடிப்பைப் பார்த்து வருத்தப்பட்டார், பாவம். வருத்தப்பட்டுவிட்டுப் போய்விட்டார். வயிற்றுவலிக்காரனுக்கு வந்த வைத்தியர்களில் ஒருவர் காதையும் ஒருவர் காலையும் பார்த்துப் போன கதைதான்.

3. மூன்றாவதாக, அதிர்வையே ஆராய்கிறவர் ஒருவர் வந்தார். மழைக்குக் காத்திருப்பதுபோல அவருக்குக் காத்திருந்தோம். அவர் வந்தது ஆயுத பூசையன்று. அன்று எஞ்சினைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்து ஓய்வாக விட்டிருந்தோம். மறுநாள் காலை வரை யாரும் தொடுவதில்லை. வருஷம் முழுவதும் உழைக்கும் இயந்திரத்தை அந்த ஒரு நாளிலும் ஓட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். பெரிய துரையும் அதற்கு இடம் கொடுத்தே வந்திருக்கிறார். வந்தவரோ மறுநாள் விடியுமுன் பண்டாரவளை ரயிலுக்குப் புறப்பட வேண்டியவர்.

4. எஞ்சினை ஓட்டச் சொன்னார். சுவர் சுவர் என்று இத்தனை மாதம் என் உயிரை வாங்கிய என் மனைவி பெரியாயியே குறுக்கே நின்று, "புள்ளத்தாச்சி இருக்கிற வீடுங்க தொரை, இன்னிக்கு மட்டும் அதத் தொடாதீங்க" என்று கும்பிட்டாள். லயமே அவள் பக்கம் நின்றது. நானும்தான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஓடாத எஞ்சினுக்குப் பின்னால் அசையாத சுவரில் கருவியை வைத்தார். முள் நகரவில்லை. சுவரில் அதிர்வு இல்லை, வெடிப்பு மழையால் வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நாங்கள் வாயைத் திறந்தாலே, படித்தவர் பார்த்துச் சொல்லியாயிற்றே என்கிறார் கணக்கப்பிள்ளை. பிள்ளைக்காகக் கெடாமல் காத்த பூசையே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. யாரை நோவது?

5. ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் அதே சுவரோரம் கிடக்கிறார்கள். வேறு காம்பரா காலியில்லை என்கிறார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடும்போது மண் உதிர்ந்து குழந்தையின் துணியில் விழுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அலைந்து அலைந்து அலுத்தும் போனேன்.

ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து, வேலைநாள் ஒன்றில் யாரையாவது அனுப்பிச் சுவரைப் பார்க்கச் செய்ய வேண்டும். அதுவரை என் மகளுக்கும் பேத்திக்கும் வேறு இடம் கொடுக்க உத்தரவிட வேண்டும். வருகிறவர் எந்தப் பிரிவைப் படித்தவராக இருந்தாலும் சரி. கருவியும் வேண்டியதில்லை. கூரைமரத்தில் குழந்தைக்குச் சேலைத் தொட்டில் கட்டியிருக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கினால் யாரும் தொடாமலே அது ஆடுகிறது. அதைப் பார்த்தால் போதும்.

இடம்: மடுல்சீமை
நாள்: 17 நவம்பர் 1913

ஐயா அவர்களின் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மு. வீரய்யா (கைநாட்டு)

அவர் சொல்ல எழுதியவன்: ஸஹாப்தீன், கடைக்காரன், மடுல்சீமை. லயத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். தொட்டில் ஆடியதை நானும் பார்த்தேன்.