அளியன் என்ற பக்கம் இன்னும் உருவாக்கப்படவில்லை

அளியா,

இன்று காலையில் போன் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் எங்கோ பட்டு அந்தப் படிப்புச் செயலி திறந்துகொண்டது. வயர்மேன் லைசன்ஸ் கைக்கு வந்த பிறகு நான் திரும்பிப் பார்க்காத செயலி. வந்து நின்ற குறிப்பின் தலைப்பு 'எர்த்திங்'. அதன் அடியில், இரட்டைச் சதுர அடைப்புக்குள், நீர்: [[அளியன்]]. மற்ற லிங்க் எல்லாம் நீலமாக மினுங்க, உம்முடையது மட்டும் வெளிறிக் கிடந்தது, பல வெளுப்பு கண்ட காக்கிச் சட்டை மாதிரி. தொட்டுப் பார்த்தேன். 'இந்தப் பக்கம் இன்னும் உருவாக்கப்படவில்லை. உருவாக்கவா?' என்று கேட்டது.

என்ன திமிர் பாரும். உம்மை உருவாக்க அது என்னிடம் அனுமதி கேட்கிறது.

நீர் என் வீட்டுக்காரியின் அண்ணன், அதனால் எனக்கு அளியன். அந்த முறை வருவதற்கு முன்பே நாம் ஒரே ஏணியின் இரண்டு ஆட்கள். நீர் மேலே வயர் இழுப்பீர், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உம்முடைய ஏச்சைக் கேட்பேன். தக்கலையிலிருந்து திற்பரப்பு வரை எத்தனையோ வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தோம். ஆனாலும் வேலை முடிந்ததும் லைசன்ஸ் வைத்திருக்கிறவன் வீட்டு கேட்டில் போய், அவன் குளித்து, சாப்பிட்டு, பேப்பர் வாசித்து வந்து நம் வேலைக்குக் கையெழுத்துப் போடும்வரை நிற்க வேண்டும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் சொன்னீர்: "இனி நம்ம வேலைக்கு நம்ம கையெழுத்துதான் ஓய். பரீட்சை எழுதுவோம்."

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை முட்டித் திறந்தவன் நான். கல்ஃபில் இருபது மாடிக் கட்டிடத்துக்கு வயரிங் செய்ததாகச் சொல்லிக்கொண்டு, படிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே காதைக் குடைகிறவர் நீர். நம் இரண்டு பேருக்கும் பரீட்சை. வீடே சிரித்தது.

சிரிக்காதவள் என் மகள் அபிஷா. நர்சிங் படிக்கிறவள், தன் எலும்பு நரம்பு எல்லாவற்றையும் அந்தச் செயலியில்தான் வைத்திருக்கிறாள். அதை என் போனிலும் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு நீர் எங்கள் வீட்டில் பழம்பஜ்ஜி தின்றுகொண்டிருந்தீர்.

"இது என்னத்துக்கு மக்ளே ரெண்டு பக்கமும் நட்சத்திரம்?"

"அப்படிப் போட்டா நடுவுல உள்ள வார்த்தை தடிச்சு வரும் மாமா."

"உனக்க அப்பன் தடிச்சது போதாதா? வார்த்தையும் தடிக்கணுமா?"

"முன்னால ஹேஷ் போட்டா தலைப்பு. இப்படி ரெட்டை அடைப்பு போட்டா லிங்க். ஒரு குறிப்பிலேருந்து இன்னொண்ணுக்குப் போலாம். எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைக்கலாம் மாமா."

நீர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டீர். "எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைச்சா அதுக்க பேரு படிப்பு இல்ல மக்ளே. ஷார்ட்."

அபிஷாவுக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே உமக்குத் துரோகம் செய்துவிட்டு, செயலியைக் கற்றுக்கொள்ள வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். அந்த வீடியோக்காரர்களை நீர் பார்க்காமல் போனது உமக்கு நஷ்டம்தான், ஏசுவதற்கு அவ்வளவு சரக்கு. ஒரு பையன். பின்னால் ஒரு தொட்டிச் செடி, முன்னால் ஒரு காப்பிக் கோப்பை. இது உங்களுடைய இரண்டாம் மூளை என்கிறான். முதல் மூளைக்கே எங்கள் வீட்டில் சரியான கனெக்‌ஷன் இல்லை. அவன் எதைப் படிக்கிறான் என்று கடைசிவரை சொல்லவில்லை. எப்படிப் படிக்கலாம் என்பதையே வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. புள்ளியும் கோடுமாக ஒரு படத்தைக் காட்டி, 'இதுதான் என் அறிவு' என்றான். ஒட்டடை அடிக்காத வீட்டு மூலை அப்படித்தான் இருக்கும்.

அவனைப் பழிக்கிற யோக்கியதை எனக்கு உண்டா? ஒரு வாரம் நான் ஒரு வரி படிக்கவில்லை. ஃபியூஸிலிருந்து எர்த்துக்கு லிங்க், எர்த்திலிருந்து மெயினுக்கு லிங்க், மெயினிலிருந்து மறுபடி ஃபியூஸுக்கு. சுற்றிச் சுற்றி வந்ததில் ஏதோ பெரிய படிப்பாளி ஆகிவிட்ட களைப்பு வந்தது. தலை மட்டும் காலி.

இதைவிடக் கேவலம் அடுத்த வாரம். அபிஷா ஒரு தாளில் கேள்வி எழுதிக் கொடுத்து நம் இருவரையும் எதிரெதிரே உட்கார்த்தினாள். எர்த்திங் ஏன் அவசியம்? நீர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது நான் மடமடவென்று எழுதி முடித்தேன். தாளை வாங்கிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நீர் பிடுங்கிப் பார்த்தீர். முதல் வரியில் இரண்டு நட்சத்திரம், பிறகு எர்த்திங், மறுபடி இரண்டு நட்சத்திரம், அதன்பிறகுதான் 'என்பது மின்கசிவு ஏற்படும்போது...'

குறிகள் மறைந்து அழகாகத் தெரிவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். யாருக்குத் தெரியும்? நான் அத்தனையையும் நட்சத்திரத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தேன்.

"கொள்ளாம்," என்றீர். மற்றவர்கள் சொன்னால் அது பாராட்டு, உம் வாயிலிருந்து வந்தால் ஆள் ஒழிந்தான் என்று ஊருக்கே தெரியும். "பேப்பர் தடிக்காது ஓய். எத்தனை நட்சத்திரம் போட்டாலும் தடிக்காது. பரீட்சை பேப்பர் திருத்துகவன் இது ஜாதகம்னு நினைச்சு பலன் எழுதிருவான்."

அன்றைய ரோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் நீர் அந்த விஷயத்துக்கு விட்ட ஏச்சை அப்படியே தட்டெழுதினேன். பிறர் சொன்னதை எழுத வரியின் முன்னால் ஒரு கூர்முனைக் குறி போட வேண்டும், போட்டேன். சொன்ன ஆள் யார் என்பதற்கு அடைப்புக்குள் அளியன். 'ஷார்ட்' என்ற குறிப்பில் பழம்பஜ்ஜிப் பேச்சு. 'எர்த்திங்' குறிப்பில், "மழையில நனைஞ்ச நாய் மாதிரி உதறுவீரு ஓய், எர்த் இல்லாட்டி." 'பழுதுபார்ப்பு' குறிப்பில் நீர் தினமும் ஏணியில் ஏறும் முன் என்னிடம் கேட்கிற கேள்வி. மெயினை அணைத்தால் போதாது, பீங்கான் ஃபியூஸ் கட்டையையும் உருவி உம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர். வீட்டுக்காரன் ஃபேன் ஓடவில்லையே என்று வந்து எதையாவது அமுக்கினாலும் கரண்ட் வராது. "கட்டை எங்க ஓய்?" என்பீர். "பையில" என்பேன். "யாருக்க பையில?" "உமக்க பையில." அதன்பிறகுதான் கால் ஏணியில் படும்.

வேறொரு நாள் அதை உம்மிடம் காட்டினேன்.

"எனக்க பேரையும் இதுல மாட்டினீரா? அமுக்கினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. பக்கம் இன்னும் எழுதல்ல."

"வயர் வராத பிளக் பாயிண்ட்," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தீர். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த எர்த்து குறிப்பைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டும். கண்ணாடி எடுக்க மறந்துட்டேன்," என்றீர். உமக்குக் கண்ணாடியே கிடையாது. நான் பெரிதாக்கிக் காட்டினேன். உதடு அசைய வாசித்தீர், உம்முடைய ஏச்சு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தீர். அந்தக் கையெழுத்து உமக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் குலசேகரம் சாயாக்கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர். மாரடைப்பு என்றார்கள். சாயா ஆறுவதற்குள்.

தனியாகப் போனேன். எழுத்துத் தேர்வில் நட்சத்திரம் போடாமல் எழுதிவிட்டேன், அதுவே சாதனை. செய்முறைத் தேர்வில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு போர்டில் பழுது வைத்திருந்தார்கள். அதிகாரி, "ஆரம்பிங்க" என்றார். நான் செயலியில் லிங்க் போட்டுக் கட்டிய வலைப்படம் முழுதும் கண்முன் வந்தது, புள்ளியும் கோடுமாக, நல்ல சுத்தமாக. அதில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டாம் மூளை கட்டினவன், முதல் மூளையும் இல்லாமல் அதிகாரி முன்னால் நின்றேன்.

அப்போதுதான், "கட்டை எங்க ஓய்?"

கை தானாகப் போனது. மெயினை அணைத்தேன், கட்டையை உருவினேன், சட்டைப் பையில் போட்டேன். அதன்பிறகு எல்லாம் வரிசையாக வந்தது, ஒவ்வொன்றும் ஒரு ஏச்சோடு.

"அதை ஏன் பையில போட்டீங்க? பக்கத்தில வெச்சா போதாதா?" என்றார் அதிகாரி.

"பக்கத்தில வெச்சா எவனாவது எடுத்து மாட்டிருவான் சார். எங்க அளியன் சொன்னது."

அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. பரீட்சை போர்டின் கட்டை. எனக்கு அடுத்து வந்தவன் எந்தப் பழுதைத் தேடித் தேடி அழுதானோ! மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதிகாரி கையில் வாங்கினார். கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரமாதமான பார்வை அளியா. நீரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "கொள்ளாம்" என்று சொல்லாமல் அடக்கிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் பாஸ் போட்டார்கள்.

இன்று காலையில் போனை அபிஷாவிடம் காட்டினேன். அவள் அந்த வலைப்படத்தைத் திறந்தாள். எந்தப் பெயருக்கு அதிக லிங்க் வருகிறதோ அந்தப் புள்ளி பெரிதாகத் தெரியுமாம். எர்த் ஒரு கடுகு, ஃபியூஸ் ஒரு மிளகு. நடுவில், எல்லாக் கோடும் போய் முட்டுகிற இடத்தில், நெல்லிக்காய் அளவில் வெளிறிய ஒரு வட்டம்.

"இது மாமா," என்றாள். "பக்கம் இல்லாததால வெளிறியிருக்கு. ஏதாவது ரெண்டு வரி எழுதினா கறுத்துரும். எழுதட்டா?"

"வேண்டாம் மக்ளே. கெடக்கட்டும்."

உம்மைப் பற்றி அதில் எழுதி, நட்சத்திரம் போட்டுத் தடிக்கவைத்தால் நீர் அங்கிருந்தே காறித் துப்புவீர். அதனால்தான் இதைத் தாளில், பேனாவால், ஒரு நட்சத்திரமும் இல்லாமல் எழுதுகிறேன். தாள் தடிக்கவில்லை, கவலைப்படாதீர்.

மத்தியானம் ஒரு வீட்டில் வேலை. உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "கரண்ட் எப்போ வரும்? நான் போட்டுப் பாக்கட்டா?" என்று கத்துவார், எல்லா வீட்டிலும் கத்துகிறார்கள். போட்டுப் பார்க்கட்டும். வேலை முடிந்ததும் என் கையெழுத்தை நானே போடுவேன். ஏணியைப் பிடிக்க இப்போது ஆளில்லை, சுவரில் சாய்த்துக்கொள்கிறேன். ஏறுவதற்கு முன் கேள்வியையும் நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டை எனக்க பையிலதான் இருக்கு, ஓய்.