எனக்குக் காட்டலயே

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் போன் புதுசாக இருந்தது. ராத்திரி தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. எழுத்து தடித்துப்போய், கடிகாரம் இடம் மாறி, எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "புதுப் போன் வாங்கினாப்பல இருக்குதே" என்றாள் அமலா.

எல்லாம் வந்தது. வாணியின் நம்பர் மட்டும் வரவில்லை.

நம்பர் என்று நான் சொல்வது மகளுடைய சர்க்கரை அளவு. இசைவாணிக்குப் பதினோரு வயதில் வந்தது, ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாத வகை. இப்போது பத்தொன்பது. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படிக்கிறாள். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் புளூடூத்தில் அவள் போனுக்கு அளவைச் சொல்லும். அது நெட் வழியாக, ஒரு செயலியில், விழுப்புரத்தில் இருக்கும் என் போனுக்கு வரும். அந்தச் செயலி இருக்கிற தைரியத்தில்தான் போன ஜூனில் அவளை ஹாஸ்டலில் விட்டேன். அவள் அம்மா அமலா தன் போனில் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. "நான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும்" என்று சொல்லிவிட்டாள்.

இன்று நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் "தகவல் இல்லை" என்று வந்துகொண்டே இருக்கிறது. போனை அணைத்துப் போட்டேன். ஃபிளைட் மோடில் வைத்து எடுத்தேன். சிம்மைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டினேன். துடைத்ததால் என்ன ஆகுமோ, கை சும்மா இருக்கவில்லை.

நாலு தடவை அவளைக் கூப்பிட்டேன். நாலாவது தடவை, "கிளாஸ்ல கீறேன்ப்பா" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய், மதியம்

நான் வேலை பார்க்கும் எடைமேடையில் இந்த நேரம் லாரி வராது. எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். எவ்வளவு என்று கேட்டேன். நூற்றி முப்பத்தைந்து என்றாள்.

"பாத்துச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

"பாத்துதான் சொல்றேன். எனக்குக் காட்டுதுப்பா."

"எனக்குக் காட்டலயே."

"அப்ப உன் போன பாரு."

"என் போனுக்கு இன்னா? வாட்ஸப் வருது, யூடியூப் ஓடுது, நெட்டு நல்லாத்தான் கீது. உன்னுதுதான் பேஜாரு பண்ணுது. அந்த ஆப்ப எடுத்துட்டுத் திரும்பப் போடு."

"வேணாம்ப்பா."

"எது சொன்னாலும் வேணாம். நான் பாக்கக் கூடாதுன்னு நீயே நிறுத்தி வச்சிக்கினு கீறியோ இன்னாவோ."

சரி என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"எடுத்துட்டேன். திரும்பவும் போட்டேன். இந்த சென்சார் முன்னாடி போட்ட ஆப்போட சேந்தது, இனிமே சேராதுன்னு வருது. இப்ப எனக்கும் காட்டாது. போதுமா?"

வைத்துவிட்டாள். இன்னும் பத்து நாள் ஓட வேண்டிய சென்சார். அடுத்தது கூரியரில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு. நான் யாருக்காகக் கேட்கிறேன்?

செவ்வாய், சாயந்திரம்

மதியம் எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நான் எழுதியதுதானே.

ஆபீஸ் சாவியைக் கொடுக்க முதலாளி கோதண்டபாணி வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில் வைஃபை உண்டு. எப்போதோ என் போனில் போட்டது, உள்ளே நுழைந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். செயலிக்கு உயிர் வந்திருந்தது.

காலையிலிருந்து வந்த அளவெல்லாம் வரிசையாகப் புள்ளி புள்ளியாக விழுந்தன. இட்லி சாப்பிட்டபோது ஏறியிருக்கிறது, ஊசி போட்டதும் இறங்கியிருக்கிறது, மதியம் நூற்றி முப்பத்தைந்து. அவள் சொன்ன அதே நூற்றி முப்பத்தைந்து. அதோடு கோடு நின்றுவிட்டது. நான் எடுத்துப் போடு என்று சொன்ன இடம்.

அவள் போன் ஒழுங்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளாதது என் போன்.

கோதண்டபாணி என் கையிலிருந்து வாங்கி செட்டிங்ஸில் எங்கெங்கோ போனார். அந்த ஒரு செயலிக்கு மட்டும் மொபைல் டேட்டா அணைந்திருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் டேட்டா உண்டு, அதற்கு மட்டும் வைஃபை இருந்தால்தான். வீட்டிலும் வைஃபை இல்லை, எடைமேடையிலும் இல்லை. "அப்டேட் ஆச்சுன்னா இப்டித்தான் எதையாச்சும் அமுக்கி வச்சிடும். இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருந்த?" என்றார்.

வேலையில் சேர்ந்த அன்று இதே மனுஷர்தான் சொன்னார்: "பிரான்சிஸ், டிரைவர் வாயால ஆயிரம் சொல்லுவான். எழுதாத. திரையில இன்னா வருதோ அத எழுது." பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். என் பெண்ணையும் அதே கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அமலாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "அவகிட்ட சொன்னீங்களா?"

"இன்னான்னு சொல்றது?"

"என் போன்தான் கெட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல என்ன இருக்குது சொல்ல?"

அனுப்பினேன்.

பிப்ரவரி 11, புதன்

நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

வாணி விரலில் குத்திப் பார்த்து அமலாவுக்கு மட்டும் அனுப்புகிறாள். கேட்டால், "நல்லா இருக்கா" என்கிறாள் அமலா. தன் போனை எனக்குக் காட்டுவதில்லை. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து எனக்குத் தண்டனை கொடுக்கிறார்களா? கொடுக்கட்டும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மெசேஜ்களை ஜூனிலிருந்து படித்தேன். முக்கால்வாசி நான் அனுப்பியவை. "எவ்ளோ?" "ஊசி போட்டியா?" "240 ஏன்?" "ஜூஸ் குடி." "சாயந்திரம் ஏன் தினம் இறங்குது?" "ஜூஸ் குடிச்சியா?" ஒரு கடைக்காரரிடம் சரக்கு கேட்பவன்கூட நடுவில் ஒருமுறை சௌக்கியமா என்று கேட்டிருப்பான்.

அக்டோபரில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். கழுத்தில் மெடல், பக்கத்தில் அறைத்தோழி கலைப்பிரியா தோளில் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள். அதற்குக் கீழே, செயலியைப் பார்த்துவிட்டு நான் கேட்டிருப்பது: "அம்புக்குறி கீழ போகுதே, சாப்பிட்டியா?"

அந்த மெடல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஒரு சந்தி, பகலெல்லாம் பட்டினி. காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு எடைமேடைக்கு வந்தேன். மதியத்துக்குள் பசி கண்ணைக் கட்டியது. இருட்டினால் சாப்பிட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அவளுக்கு அப்படி எந்த நாளும் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு, ஒவ்வொரு வேளைக்கும் ஊசி, எட்டு வருஷமாக. அதை அவள்தான் செய்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ நானே செய்வது போல ஒரு நினைப்பு எனக்கு.

பிப்ரவரி 20, வெள்ளி

கூரியர் வந்தது. "நீங்களே கொண்டு போய்க் குடுங்க" என்றாள் அமலா.

பிப்ரவரி 21, சனி

திண்டிவனம் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். வாணி வந்தாள். நடை கொஞ்சம் தள்ளாடியது, மேல் உதட்டில் வேர்வை. சர்க்கரை இறங்கும்போது வரும் அந்த முகம் எனக்குத் தெரியும். எழுந்து அவளிடம் ஓடப் பார்த்தேன்.

"உக்காருப்பா."

உட்கார்ந்தேன். பையிலிருந்து மீட்டரை எடுத்து விரலைக் குத்தினாள். ஐம்பத்தெட்டு. அவள் தண்ணீர் பாட்டிலில் குளுக்கோஸைக் கொட்டிக் குலுக்கி, மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். அது வரைக்கும் எவ்ளோ எவ்ளோன்னு கேக்காத. வேற ஏதாச்சும் பேசு."

வேறு என்ன பேசுவது? டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"லாரிய எப்டிப்பா எட போடுவீங்க? நான் பாத்ததே இல்ல."

சொன்னேன். லோடோடு மேடையில் ஏற்றி ஒரு எடை, லோடு இறக்கி வந்ததும் வெறும் லாரிக்கு ஒரு எடை, கழித்தால் சரக்கு. ஜல்லி, சவுக்கு, மல்லாட்டை, எது வந்தாலும் இதே கணக்கு. ஆச்சரியமாகக் கேட்டாள்.

"டிரைவரே இவ்ளோன்னு சொன்னா?"

"ஒத்துக்க மாட்டோம். திரையில வந்தாதான்."

சிரித்தாள். "என்கிட்டயும் அதத்தான பண்ண."

"தப்பு என்னுதும்மா. நீ சொன்னத நான் நம்பியிருக்கணும்."

"ஆப்ப எடுத்தா சென்சார் போயிடும்னு எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சேவா எடுத்த?"

"பாத்துச் சொல்றேன்னேன், பொய்யின்ன. நீ நம்பாதப்ப அது ஒட்டிக்கினு இருந்து இன்னா, இல்லாட்டி இன்னா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லாவில் இருப்பவர் பார்க்கிறாரே என்று ஆறிப்போன டீயைக் குடித்தேன். குடித்து முடித்துத்தான் கேட்டேன், அந்த மெடல் எதுக்கு என்று.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "குண்டு எறியிறேன்ப்பா. நாலு கிலோ இரும்புக் குண்டு. காலேஜ்ல ரெண்டாவது. தினம் சாயந்திரம் பிராக்டிஸ், சனிக்கிழமைன்னா காலையில. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு, அதான் எறங்கிடுச்சு."

சாயந்திரம் ஏன் தினம் இறங்குகிறது! எட்டு மாசமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு பதில்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேணாம்னுவ."

ஆமாம், சொல்லியிருப்பேன்.

பதினைந்து நிமிஷம் எப்போது போனது என்று தெரியவில்லை. அவளே திரும்பக் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. மீட்டரை என் பக்கம் திருப்பினாள். "பாக்கல, நீ சொன்னாப் போதும்" என்றேன். "ரொம்பப் பண்ணாத, பாரு" என்றாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது வாணியிடமிருந்து செயலியில் சேர லிங்க் வந்திருந்தது. புது சென்சார் ஒட்டிவிட்டாளாம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ப்பா, எழுபதுக்குக் கீழ போனா மட்டும் உனக்கு அலாரம் அடிக்கிற மாதிரி வச்சுக்கோ. அடிச்சா ஒடனே போன் பண்ணாத. பதினஞ்சு நிமிஷம் எனக்குக் குடு. நான் மெசேஜ் போடலன்னா அப்பறம் கூப்பிடு."

சரி என்று அனுப்பினேன். முதல் வேலையாக அந்தச் செயலிக்கு மொபைல் டேட்டா போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு அதை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். சும்மா சும்மாத் திறக்க மாட்டேன் என்று அமலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயந்திரத்துக்குள் மூன்று முறை கடைசிப் பக்கம் போய் வந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

இன்று ஒருமுறைகூடத் திறக்கவில்லை. போன் மறுபடி அப்டேட் கேட்கிறது. இப்போதைக்கு வேண்டாம் என்று அமுக்கினேன்.

மார்ச் 10, செவ்வாய்

சாயந்திரம் ஒரு தர்பூசணி லாரி மேடையில் ஏறி நிற்கும்போது போன் அலறியது. அறுபத்தாறு. கை தானாகப் போனுக்குப் போய்விட்டது. மேசையில் கவிழ்த்து வைத்தேன். லாரிக்கு எடை போட்டேன், சீட்டு எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. "இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லியா?" என்று டிரைவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் உக்காரு" என்று அவரை நிறுத்தி வைத்துக்கொண்டேன். தனியாக இருந்தால் கூப்பிட்டுவிடுவேன்.

மெசேஜ் வந்தது. "101. குளுக்கோஸ் குடிச்சேன். இன்னிக்கு ஒன்பதரை மீட்டர் போச்சுப்பா." அடுத்தது உடனே: "மேடையில இன்னா லாரி?"

"தர்பூசணி. பதினொன்றரை டன்" என்று அனுப்பினேன்.

"எனக்கு ஒண்ணு எடுத்து வை. சனிக்கிழமை வர்றேன். ஊசிக் கணக்கு நான் பாத்துக்கறேன்."

டிரைவரிடம் கேட்டேன். தட்டித் தட்டிப் பார்த்து நல்லதாக ஒன்று இறக்கி மேசையில் வைத்தார். எவ்வளவு இருக்கும் என்றேன். "ஆறு கிலோ இருக்கும்ணே" என்றார். ஒற்றைப் பழத்துக்கெல்லாம் எங்கள் மேடை எடை காட்டாது.

ஆறு கிலோ. டிரைவர் சொன்னது.