அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஹீட்டர்

செவ்வாய் இரவு, அக்னி நட்சத்திரம்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. வால்வைத் திறக்காமலே ‘ஹீட்டர் பிரமாதம்’ என்று சொல்லிவிட்டேன்.

மச்சினன் சேகர் ஓட்டும் ஸ்கிட் லோடரை, அந்தச் சின்ன மண் அள்ளும் வண்டியை, ரோட்டு வேலைக்காக லடாக்குக்கு அனுப்புகிறார்கள். அவனும் போகிறான். அங்கே இப்போதும் பனியாம். கேபினில் ஹீட்டர் வைக்க என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். மத்தியானம் வேலை முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி ஹீட்டர் ஃபேனைப் போட்டான். வேர்த்துக் கொட்டியது.

“அனல் பறக்குது மாமா!”

“பின்னே? உங்கக்கா வாயை விட சூடா இருக்கணும்னு சொல்லித்தானே மாட்டினேன் மாப்ளே!”

சாயங்காலம் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னான். “கை விறைச்சுப் போனா லிவரைப் பிடிக்க வராதாம் மாமா. உங்களை நம்பித்தான் போறேன்.”

அதன்பிறகு எனக்குக் கேலி வரவில்லை. போய் இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் வரும் வால்வு மூடியே கிடந்தது. மத்தியானம் அடித்தது ஹீட்டர் காற்று இல்லை, திருச்சிக் காற்று.

திறந்துவிட்டு இந்தத் தடவை நானே உள்ளே உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டும் அளவுக்குச் சூடு. மனசு ஆறியது, அந்தக் குறுகின கேபினில் ஏறி இறங்கியதில் இடுப்புதான் விட்டுப்போனது. டிரெய்லர் வந்து வண்டியை ஏற்றியது. சேகரும் அதிலேயே கிளம்பினான்.

என் சட்டை கேபினில் மாட்டியபடியே வண்டியோடு போய்விட்டது. ஸ்ரீரங்கம் வீட்டுச் சாவி அதன் பையில். சம்சாரம் ஊரில் இல்லை. பட்டறையில் பனியனோடு படுத்திருக்கிறேன். நாமக்கல் தாண்டி சேகர் போன் செய்தான். சட்டை அவனுக்கு அளவாக இருக்கிறதாம்.