கொட்டினவளுக்கு முதல் தட்டு

முந்தாநாள் காலையில் ஃபிரிட்ஜின் மோட்டார் நின்றது. ஓடும்போது அது இருப்பதே தெரியாது. நின்றால்தான் தெரியும், வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது போல. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய், கதவைச் சுற்றி சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டினேன். வெளியே காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்து கிடந்தது. மழை படுக்கையில் அடித்தது. அதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

"கரண்ட் போனா முதல்ல டியூபக் கட்டு. பொறகு மெழுகுவத்தி தேடு." நீ சொன்னதுதான். நீ போன பின்னும் என் கைகள் உன் பேச்சைத்தான் கேட்கின்றன.

அந்த டியூபும் நீ போட்டதுதான். நீ வீட்டு வேலை செய்த அதிகாரியின் குடும்பம் மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போனபோது விட்டுப்போன ஃபிரிட்ஜ் அது. கதவு ரப்பர் கிழிந்திருந்தது. கப்பலில் ஏற்றிப்போகும் செலவுக்குக்கூடப் பெறாது. ஆனால் அந்த அம்மாள், "அவளுக்கு ஃபிரிட்ஜே கொடுத்துட்டுப் போறோம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ கதவை மூடி மூடிப் பார்த்துக்கொண்டே சிரித்தாய். "குப்பையையும் தர்மம்னு சொல்லித்தான போடுவாங்க. நமக்கு என்ன? ஐஸ் கட்டுதா இல்லையா, அதப் பாரு."

இந்தத் தீவில், லம்பா லைன் சரிவில் ஒட்டி ஒட்டி நிற்கும் நம் நான்கு தகர வீடுகளுக்கும் அந்த ஒரு ஃபிரிட்ஜ். வங்காளி வீட்டு அண்ணியின் மீன். அவளை நாம் எல்லாரும் பௌதி என்றுதான் கூப்பிடுவோம். கோடி வீட்டுத் தெலுங்குக்காரர்களின் மாவு. என் தயிர். நீ மிளகாய் இடித்து வைக்கும் கட்டச் சம்பல். உன் வீட்டில் இருந்தாலும், 'என் ஃபிரிட்ஜ்' என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை.

உன் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவே பிளைவுட் சுவர் மட்டும்தான். அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு தூத்துக்குடிக்குப் போய்விட, ஃபீனிக்ஸ் பே துறைமுகச் சரக்குக் கொட்டகையில் தினக்கூலி வேலையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் இங்கே தங்கினேன். சோறு வடிக்கக்கூடத் தெரியாது எனக்கு. உனக்கும் என் வயதுதான். ஆனாலும் கரண்டியால் சுவரைத் தட்டித் தட்டி நான் கேட்காத கேள்வி இல்லை.

"ஏட்டி, நேத்து ராத்திரி சோறு கெடக்கு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கிண்டிரவா?"

"எப்பிடி வச்ச?"

"பானையிலதான். மூடி வச்சேன்."

"அப்ப கொட்டு. மூடுன பானைக்குள்ள சூடு போக ஏலாம நிக்கும். விரிச்சு ஆற வச்சு உள்ள வச்சிருந்தா கிண்டச் சொல்லியிருப்பேன்."

"வாடையெல்லாம் ஒண்ணும் இல்லயே. மோந்து பாத்தேன்."

"ஒன் மூக்கு என்ன லேபரட்டரியா?"

அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்கும். நான் கரண்டியை வீசுவேன். அது என் பக்கச் சுவரில்தான் படும். பிறகு ரொட்டி சுடும் வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக ஒரு தட்டும் வரும். "உப்புப் பாத்துச் சொல்லு" என்பாய். நான் சாப்பிட்டுவிட்டுச் சுவரைத் தட்டுவேன். ஒரு முறை தட்டினால் சரி. இரண்டு என்றால் உப்பு பற்றாது. எத்தனை முறை உப்பு சரியாக இருந்தும் இரண்டு தட்டியிருக்கிறேன். "போடி, நாக்கு செத்தவளே" என்று நீ கத்துவதைக் கேட்கத்தான்.

மின்சாரம் ஒரு நாளைத் தாண்டி வராவிட்டால், நம் வரிசையில் நடப்பதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கரண்ட் கல்யாணம். மறுநாள் காலை எல்லாரும் உன் வாசலில் கூடுவார்கள். நீ டியூபை அவிழ்ப்பாய். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பாய். உள்ளே ஐஸ் நறநறத்தால் அடுப்புக்கு. தண்ணீராகி வெதுவெதுத்துப் போயிருந்தால் பின்பக்கம் கொட்டி மூடும் குழிக்கு. மேல்முறையீடு கிடையாது. மிஞ்சியதையெல்லாம் அன்றைக்கே சமைத்து, யாருடையது என்று பார்க்காமல் நான்கு வீடும் சேர்ந்து தின்ன வேண்டும்.

ஒருமுறை நான் ஆசையாகச் செய்து வைத்த கோழிக் குழம்பை நீ குழிப்பக்கம் தள்ளினாய். எனக்கு வெறி வந்துவிட்டது. "நீ யாருட்டி எங் கொழம்பக் கொட்டுறதுக்கு? ரெண்டு கொதி விட்டாச் சரியாப் போகும்" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ கொட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் கச்சால் கதையைச் சொன்னாய்.

இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் உன் பெற்றோர். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார்கள். ஒரு மழைக்காலம் கப்பல் வரவில்லை. கடைகள் காலி. யாரோ கொடுத்த சூரை மீன், வெயிலில் கிடந்தது. உன் அம்மா குழம்பு வைத்தாள். அதையே மறுநாளும் சூடாக்கிக் கொடுத்தாள். எல்லாருக்கும் முகம் சிவந்தது, வயிறு கழன்றது. உங்களுக்கெல்லாம் தெளிந்தது. தம்பிக்குத் தெளியவில்லை.

"அம்மாக்குத் தெரியும் அது சரியில்லன்னு. தெரிஞ்சுதான் போட்டா. கொட்டினா அன்னைக்குத் திங்க வேற ஒண்ணும் இல்ல. கொட்டுறதுக்கும் கையில ஏதாவது இருக்கணும்ல?"

பழையதைச் சாப்பிடாதே, சந்தேகமானதைக் கொட்டு என்று தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறவர்களை இப்போது பார்த்தால் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது: கொட்டிவிட்டு எதைத் தின்ன? அதை யாரும் சொல்வதில்லை. நீ மட்டும்தான் அதற்கும் ஒரு வழி செய்து வைத்திருந்தாய். அன்று பௌதியின் மீன் வெந்ததும் நீ முதல் தட்டில் போட்டு என்னிடம் நீட்டினாய். "கொட்டினவளுக்கு முதல் தட்டு. இதுதான் இந்த வரிசையோட ரூல்" என்றாய். அப்படி ஒரு ரூல் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. அந்த நிமிடத்தில் நீ போட்ட ரூல் அது. அதற்குப் பிறகு யாரும் கொட்ட அழவில்லை.

வயிற்றில் உனக்கு வலி வந்தபோது மெயின்லேண்டுக்குப் போகச் சொன்னார்கள். விமானத்தில் போக வேண்டிய உடம்பு கப்பலில் போனது. சுற்றுலா வருகிறவர்கள் நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் பறக்கிறார்கள். இந்தத் தீவுகளில் பிறந்தவள் கப்பலின் கீழ்த்தளத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு போனாள். எழுதும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கிளம்புகிற அன்று நீ நின்று சமைத்தாய். சூரை மீன் குழம்பு. தம்பி போன பிறகு உன் அம்மா வீட்டுக்குள் நுழையவே விடாத மீனை, பிடித்த அன்றே வாங்கி, அன்றே சமைத்தால் மட்டும் சேர்த்துக்கொள்வாய். ஆற வைத்து, டப்பாவில் ஊற்றி, ஃபிரீசரின் அடியில் தள்ளினாய்.

"யாருக்குட்டி இது?"

"எனக்குத்தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்து எறங்குற அன்னைக்கு என்னால சமைக்க ஏலாது. நீ சோறு மட்டும் வடி. தொட்டியோ, கைய ஒடைப்பேன்."

நீ வரவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். எரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எந்த ஊரில், எந்த இடத்தில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாளில் ரிசார்ட் கட்டும் வேலைக்கென்று ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டார். போகும்போது ஃபிரிட்ஜை என் வீட்டுக்குத் தூக்கி வைத்தார். அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தார். "என்னால தொட ஏலாது. நீயே வச்சுக்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். தின்ன மனம் வரவில்லை. தின்றுவிட்டால் நீ சமைத்தது இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை. என்றைக்காவது, உன் வாசனை தாங்க முடியாமல் தேவைப்படும் ஒரு நாளில், சோறு வடித்து உட்காரலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த டப்பாவை உள்ளே வைத்துக்கொண்டுதான் முந்தாநாள் டியூபைக் கட்டினேன்.

சாயங்காலமும் மின்சாரம் வரவில்லை. விமான நிலைய ரோட்டில் இருக்கும் ஹோட்டல் மட்டும் கப்பல் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தம் நம் சரிவு வரை கேட்டது. மழையில் நனைந்துகொண்டே போனேன். வரவேற்பில் இருந்தவன் தமிழ் ஆள்தான்.

"ஒரே ஒரு டப்பா. ஒங்க ஃபிரீசர்ல ஒரு ஓரத்துல வச்சிருந்தாப் போதும். கரண்ட் வந்ததும் எடுத்துக்கிடுதேன்."

"வெளிச் சாப்பாடு எங்க கிச்சனுக்குள்ள வரக்கூடாது மேடம். ஹைஜீன் ரூல்."

"சமைச்சவ செத்துப் போயிட்டா அண்ணாச்சி. அவ கடைசியாச் சமைச்சது."

அவன் என்னைப் பார்த்தான். "அப்ப இன்னுமே முடியாது மேடம்" என்றான்.

சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்போம். தனியாகத் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். அவன் மேல் தப்பில்லை. ஐஸ் பெட்டி நிறைய விருந்தாளிகளின் மீனை வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவுக்கு இடம் இல்லாத ஊர் மேல்தான் கோபம்.

நேற்று காலை பௌதி வந்தாள். கையில் காலிச் சட்டி. "அரே, அப் தோ கோல் தோ. சப் கராப் ஹோ ஜாயேகா" என்றாள். திற, எல்லாம் கெட்டுப்போகும் என்று அவளும் உன் மாதிரியே அதட்டப் பழகியிருக்கிறாள். கோடி வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். நான் டியூபை அவிழ்த்தேன்.

பௌதியின் மீன் மேலே இருந்தது. அழுத்தினேன். நறநறத்தது. அடுப்புக்கு. மாவு பொங்கி வழிந்திருந்தது. குழிக்கு. கடைசியாக அடியில் கையை விட்டேன். கதவின் கிழிந்த ரப்பர் பக்கமாகத்தான் உன் டப்பா இருந்தது. வெளியே எடுக்கும்போதே உள்ளே தளும்பியது. மூடியைத் திறந்து விரலை விட்டேன். ஐஸ் இல்லை. வெதுவெதுப்பு.

வாசனை மட்டும் அப்படியே இருந்தது. கொறக்காய்ப் புளி, வறுத்து அரைத்த மல்லி. நீ பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது போல.

பௌதி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது எதுவென்று தெரியும். "அச்சா ஹை. கரம் கர்கே கா லோ. குச் நஹி ஹோகா" என்று மெதுவாகச் சொன்னாள். சூடாக்கிச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது. வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக ஒரு தப்பான யோசனையைச் சொன்னதில்லை.

நான் சூடாக்கியிருப்பேன். வயிறு போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது சூரை. கொதிக்க வைத்தாலும் அதன் கெடுதல் போகாது என்று நீ சொல்லியிருக்கிறாய். உன் தம்பியைக் கொன்ற குழம்பும் இதே மாதிரி வாசனையாகத்தான் இருந்திருக்கும். அதை உன் கையால் சமைத்தது என்பதற்காக நான் தின்றால், நீ இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தியதெல்லாம் எதற்கு?

பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டினேன். நாய் கிளறாத ஆழத்துக்குத் தோண்டினேன். மழையில் மண் சரிந்து சரிந்து விழுந்தது. ஊற்றினேன். மூடினேன். மேலே ஒரு கல்லை வைத்தேன். உன்னை எரித்த இடத்தில் நான் இல்லை. இதற்கு இருந்தேன்.

உள்ளே வந்து டப்பாவைத் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் வாசலில் அடுப்பை மூட்டி பௌதி மீன் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். உன் ரூல் உன்னோடு போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கொட்டச் சொன்னவள் நீ. தட்டை நீட்டியவளும் நீ. இனிமேல் கொட்டுவது மட்டும்தான் மிச்சம் என்று.

கோடி வீட்டுப் பெரியவர் தட்டை நீட்டினார். பௌதி கரண்டியால் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ருக்கோ. பஹலே உஸ்கோ. ஜிஸ்னே ஃபேங்கா, பஹலி தாலி உஸ்கி."

உன் வார்த்தைகள். இந்தியில். கொட்டினவளுக்கு முதல் தட்டு.

சோறும் கடுகு அரைத்த மீனும் என் மடியில் வந்து இறங்கின. எல்லாரும் நான் வாயில் வைக்கும் வரை காத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டேன். சூடாக இருந்தது. நல்ல மீன். உப்பு கொஞ்சம் குறைவு.

கரண்டியை எடுத்தேன். உன் வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு தட்டினேன்.