சாவி வேண்டாத கைக்கடிகாரம்

நைனா,

நீ போய்ச் சேர்ந்த பின் திறக்காமலே கிடந்த உன் தகரப் பெட்டியை இன்று காலையில் காலி செய்தேன். வேட்டிகளுக்கு அடியில் அந்தக் கைக்கடிகாரம் கிடந்தது. இரண்டு முறை அசைத்ததும் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு பழுதும் இல்லை. அன்றும் இல்லை, அது நம் இருவருக்கும் தெரியும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாட்ச் எடுக்கச் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போனோம். அறுபதுகளின் தொடக்கம். நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்திருந்த புதிது. கடைக்கார பாய் இரண்டு வாட்ச்களை எடுத்து வைத்தார். இரண்டும் உள்ளே பதினேழு கல் பதித்தவை. ஒன்றுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். மற்றது ஆட்டோமேடிக், தேதி காட்டும், முள்ளில் ரேடியம்.

"கை ஆட ஆட தானா சாவி ஏறிக்கும். கழட்டி வெச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னுடும். மாப்பிள்ளகிட்ட சொல்லிடுங்க" என்றார் பாய்.

"சாவி வாட்ச்சே போதும் நைனா."

"நீ வேணா திருகிக்கினு இரு. என் மாப்பிள்ளைக்கு இதான்" என்றாய்.

மாப்பிள்ளைக்கு அவலூர்பேட்டையில் மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலை மூட்டை தூக்கும் இடத்தில் புது வாட்ச் எதற்கென்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆடி மாதம் சம்பந்தி வந்து, நின்றுபோன வாட்ச்சை உன் முன்னால் வைத்தார்.

"இன்னா சம்பந்தி, ஊரக் கூட்டி ஓடாத வாட்ச்ச கட்டி உட்டுட்டீங்க?"

கையில் கட்டினால் ஓடும் என்று ஒரு வாக்கியம் போதும், விஷயம் முடிந்திருக்கும். நான் வாயெடுத்தேன். நீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "தப்புதான் சம்பந்தி. மாத்திக் குடுத்துடுறேன்" என்று கைகூப்பினாய். அவர் போனதும் என்னிடம் சொன்னாய்: "பொண்ணக் குடுத்த எடத்துல போயி, உங்களுக்கு வாட்ச் கட்டத் தெரியலன்னு சொல்றதா? அவ வாழ வேணாமா?"

மறுவாரமே சாவி வாட்ச் வாங்கி அனுப்பினாய். இருந்தும் அந்த வீட்டில் அவள் 'ஓடாத வாட்ச் வூட்டுக்காரி' ஆகிப்போனாள். குழம்பில் உப்புக் கூடினாலும் அதே பேச்சு. தலைப்பிள்ளை தங்காதபோதும் அதைத்தான் சொன்னார்கள். அன்று நீ கூப்பிய கையை நான் இதுவரை மன்னிக்கவில்லை.

மதியம் அவளிடம் வாட்ச்சைக் காட்டினேன்.

"அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வாட்ச்சை வாங்கிக் காதோரம் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நைனா பயந்துச்சு, சரி. ஊரு நியாயமெல்லாம் பேப்பர்ல எழுதினியே அண்ணா, எனக்கு ஒரு கடுதாசி போடறதுக்கு இன்னா?" என்று கேட்டாள்.

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, நைனா. நான்தான் இருக்கிறேன்.