முதல் பிரிண்ட் பிள்ளையார்

14.11.1998, சனி

எங்கள் விளம்பர போர்டு கடைக்கு வாங்கப் பெரிய பிரிண்டர் பார்த்துவிட்டு வந்ததில் உடம்பெல்லாம் அசதி. அங்கே சோதனைக்குப் போடும் முதல் பிரிண்ட் பிள்ளையாராக இருக்கட்டும் என்று தம்பிதான் போடச் சொன்னான். மழைக்கு மை தாங்குமா என்று தண்ணீர் விட்டுப் பார்க்கப் போனேன்.

"சாமி படத்துமேலயாங்ணா தண்ணி ஊத்துவீங்க?" என்று பிடுங்கிக்கொண்டான். அந்த மெஷினையே எடுப்பதாகவும் விற்பவரிடம் சொல்லிவிட்டான்.

வீட்டுச் சுவரில் படத்தை மாட்டியதும் மனைவி சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். அந்த ஈரத்திலேயே நிறம் கரைந்து தும்பிக்கை வரை ஒழுகியது.

"ஏனுங்க, சாமிக்கு ஆகலைங்க. அந்த மெஷின் வேண்டாமுங்க" என்று கலங்கிவிட்டாள்.

மைதான் கரைகிறது என்று நான் சொல்லவில்லை. மை சரியில்லை என்றால் தம்பி என்னிடம் சண்டைக்கு வருவான். சாமிக்கு ஆகவில்லை என்று அண்ணி சொன்னால் வாயே திறக்கமாட்டான்.